நிற்கும் வண்டியின் செலவு

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களில் சொந்தக் கார் என்பது ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரமே மிகுந்த பொருளாகும். வட்டத் தலைமையிடத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலும் மதுராந்தகம் அதைவிடச் சற்றுக் குறைந்த தொலைவிலும் இருக்க, அன்றாடப் போக்குவரத்தைப் பேருந்தும் இருசக்கர வண்டியும் ஷேர் ஆட்டோவும் பார்த்துக்கொள்கின்றன. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, வாசலில் கார் நிற்கும் வீட்டிலிருந்துகூடக் கடைத்தெருவுக்கும் கல்லூரிக்கும் பேருந்திலேயே போய்வருகிறார்கள். முகூர்த்த நாள், குலதெய்வ வழிபாடு, சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்கப் போவது, நள்ளிரவில் யாருக்கேனும் நெஞ்சு வலி கண்டு செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு விரைய நேர்வது போன்ற தேவைகளுக்கே கார் வெளியே எடுக்கப்படுகிறது. இவ்வாறு பயன்படும் ஒரு வண்டி ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டரைத் தொடுவதே அரிது. பெரிய வண்டியை விற்றுவிட்டுப் பழைய சின்ன வண்டி ஒன்றுக்கு இறங்கும் குடும்பங்கள் அதற்குச் சொல்லும் காரணம் மைலேஜ், அதாவது ஒரு லிட்டர் எரிபொருளுக்கு வண்டி ஓடும் தொலைவு. அவர்களுடைய முடிவு பெரும்பாலும் சரியானது. காரணம்தான் கணக்கோடு ஒட்டவில்லை.

பெரிய டீசல் வண்டி இவ்வூர்களுக்கு வந்து சேர்ந்த விதத்திலிருந்தே இக்கணக்கைத் தொடங்க வேண்டும். 2010 ஜூனில் பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பை மைய அரசு எண்ணெய் நிறுவனங்களிடம் விட்டுவிட்டு, உழவு, சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றைக் கருதி டீசல் விலையை மட்டும் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. விளைவாக, 2012 மே மாதம் பெட்ரோல் விலை ஒரே நாளில் கடுமையாக உயர்த்தப்பட்டபோது இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு லிட்டருக்கு 30 ரூபாயைத் தாண்டியது. டீசல் எஞ்சின் இயல்பிலேயே லிட்டருக்குக் கூடுதல் தொலைவு ஓடுவது என்பதால், ஏழு பேர் அமரும் பொலிரோவோ சைலோவோ ஓட்டுவதற்கு ஆகும் எரிபொருள் செலவு ஒரு சின்ன பெட்ரோல் காருக்கு ஆவதை நெருங்கி வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்பேட்டைகள் விரிந்து, சுற்றிலும் நிலத்தின் விலை ஏறிய காலமும் அதுவே. காணி விற்ற பணம் முதலில் கண்ணுக்குத் தெரியும் வடிவம் எடுத்தது மாடி வீட்டிலும் வெள்ளை நிறப் பெரிய வண்டியிலும்தான். கட்சிக் கொடி பறக்கும் வண்டி பெரிதாக இருக்க வேண்டும் என்னும் எழுதாத விதியும் இதனோடு சேர்ந்துகொண்டது. கல்குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் போய்வரும் டிப்பர் லாரிகளால் குண்டும் குழியுமாகிவிட்ட சாலைகளில் தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி கூடுதலாக உள்ள வாகனமே தாங்கும் என்ற நடைமுறைக் காரணமும் இருந்தது. இவற்றுள் கடைசிக் காரணம் இன்றும் செல்லுபடியாகும்.

முதற்காரணம் செல்லாது. 2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாதந்தோறும் சில பைசாக்கள் வீதம் உயர்த்திவந்த அரசு, 2014 அக்டோபரில் அதையும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைக்கப்பட்ட பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்க்குச் சற்று மேலும், டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேலும் விற்றன. முப்பது ரூபாய் வேறுபாட்டை நம்பி வாங்கிய வண்டியை எட்டு ரூபாய் வேறுபாட்டில் ஓட்டிக்கொண்டிருப்பது, மானியத்தின் நிழலில் கட்டிய வீட்டில் மானியம் போன பிறகும் குடியிருப்பது போன்றது. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 என்னும் மாசுக்கட்டுப்பாட்டு விதி இன்னொரு சிக்கலையும் கூட்டியது. அவ்விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைபோக்கியில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. பிடித்த கரியை அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டுமானால், வண்டி சீரான வேகத்தில் சிறிது நேரம் தொடர்ந்து ஓடிப் புகைபோக்கியில் போதிய சூடு ஏற வேண்டும். வீட்டிலிருந்து உத்திரமேரூர் கடைத்தெருவுக்கும் அங்கிருந்து வீட்டுக்குமாக நாலைந்து கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டியில் அந்தச் சூடு ஏறுவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். மாருதி சுசூகி நிறுவனம் அந்த ஏப்ரலோடு டீசல் கார்களையே கைவிட்டது என்பதும், சின்ன வண்டியில் டீசலுக்குப் பொருள் இல்லாமற்போனதற்குச் சான்று.

இனி மைலேஜ் கணக்கு. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு பெரிய டீசல் வண்டி கிராமச் சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது என்று கொண்டால், 500 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 46,000 ரூபாய் ஆகும். அதே தொலைவை லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தரும் சின்ன பெட்ரோல் கார் ஓடினால் ஏறத்தாழ 353 லிட்டர், அதாவது 35,500 ரூபாய் அளவு. மிச்சம் ஆண்டுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். மாதத்துக்கு 900 ரூபாய்கூட இல்லை. வீட்டின் பெருமை என்று கருதப்பட்ட ஒன்றை விட்டுக்கொடுத்துப் பெறும் பயன் இவ்வளவுதான் என்றால், இறங்கியவர்கள் ஏமாந்தவர்களாகவே தோன்றுவார்கள்.

ஆனால் காருக்கு ஆகும் செலவு இரண்டு வகைப்படும். ஓடினால் மட்டும் ஆகும் செலவு ஒன்று; எரிபொருள், டயர், எண்ணெய் மாற்றுவது ஆகியவை அதில் அடங்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாள் தவறாமல் ஆகிக்கொண்டிருக்கும் செலவு மற்றொன்று. காப்பீடு, கடன் வட்டி, வரி, தேய்மானம் ஆகியவை அதற்குள் வரும். தேய்மானம் என்பது வண்டியின் விற்பனை மதிப்பு காலப்போக்கில் குறைந்துவருவதாகும். கையிலிருந்து பணமாக வெளியேறாததால் இது எந்த வீட்டின் வரவுசெலவு நோட்டிலும் ஏறுவதில்லை. மோட்டார் காப்பீட்டில் இழப்பீட்டு உச்சவரம்பாக வைக்கப்படும் மதிப்பைக் கணிக்கும் அட்டவணையே இதற்கு எளிய அளவுகோல்: ஓராண்டு நிறையுமுன் 15 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 30 சதவீதம், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் என மதிப்பு கழிக்கப்படுகிறது. 14 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வண்டி ஐந்தாண்டில் 7 லட்சத்தை இழக்கிறது என்றால், மாதம் 11,600 ரூபாய்க்கு மேல் வாசலிலேயே கரைகிறது. இதற்கு முன், வாங்கிய நாளிலேயே, தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் உள்ள விகிதப்படி 10 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடைப்பட்ட காருக்கு 18 சதவீத ஆயுள் வரி கட்டியாக வேண்டும். 14 லட்சத்துக்கு அது 2.52 லட்சம். அந்த வரித்தொகைக்கே ஓரளவு நல்ல நிலையில் உள்ள பழைய சின்ன வண்டி ஒன்று கிடைத்துவிடும்.

ஏழெட்டு ஆண்டு ஆன பெரிய வண்டியை விற்பவர் தேய்மானத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே சுமந்துவிட்டார் என்பது உண்மை. அவருக்கு எஞ்சும் ஆதாயம் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. பெரிய வண்டி 6 லட்சத்துக்குப் போய், சின்ன வண்டி இரண்டரை லட்சத்துக்கு வந்தால், கையில் நிற்பது மூன்றரை லட்சம். அதைக் கொண்டு 12 சதவீத வட்டியில் உள்ள கடன் ஒன்றை அடைத்தால் ஆண்டுக்கு 42,000 ரூபாய், மாதத்துக்கு 3,500 ரூபாய் வட்டி நின்றுபோகிறது. எரிபொருளில் மிஞ்சுவதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. எதிரே வந்து மோதுவோருக்கும் வழிப்போக்கருக்கும் ஏற்படும் இழப்புக்கான கட்டாயக் காப்பீட்டில், அதாவது மூன்றாம் தரப்புக் காப்பீட்டில், 2022 ஜூன் முதல் 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 7,897 ரூபாயும் 1,000 சிசிக்கு மேற்படாத காருக்கு 2,094 ரூபாயும் என்று கட்டணம் இருப்பதால் அங்கேயும் ஐயாயிரத்துக்கு மேல் குறைகிறது. பழுது என்று வந்தால் டர்போவும் இன்ஜெக்டரும் பல்லாயிரங்களை விழுங்குபவை. சின்ன பெட்ரோல் வண்டிக்கோ கிளட்ச் பிளேட்டும் பிரேக் லைனிங்கும் காஞ்சிபுரத்து உதிரிபாகக் கடையில் தயக்கமின்றிக் கிடைக்கும். இறங்கியதன் உண்மையான பயன் இவற்றில்தான் இருக்கிறது. இதைக் கவனியாமல் மைலேஜ் ஒன்றையே கருதுவோர், விற்ற பணத்தில் கடனை அடைக்காமல் கலியாணப் பந்தலுக்கும் கைபேசிக்கும் செலவிட்டுவிட்டு, மாதம் 900 ரூபாய் மிச்சத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் இறங்கத் தயங்குவதற்குக் காரணம் ஊரின் பார்வை. வாசலில் நின்ற பெரிய வண்டி போய்ச் சின்ன வண்டி வந்தால், அந்த வீட்டில் எதுவோ சரியில்லை, டியூ கட்ட முடியாமல் பைனான்ஸ்காரன் எடுத்துப்போய்விட்டான் என்றுதான் முதலில் பேச்சு கிளம்பும். பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் இப்பேச்சுக்கு விலையும் உண்டு. ஆகவே மாற்றத்தைத் திருமணம் முடிந்த பிறகே செய்யும் வழக்கத்தை வெறும் வீம்பு என்று தள்ளிவிட முடியாது. மதிப்பும் ஒரு வகைச் சொத்தாகக் கருதப்படும் சமூகத்தில் அதன் தேய்மானத்தையும் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். மலிவு என்ற பெயர் ஒரு வண்டியை எந்த அளவுக்குக் கொல்லும் என்பதற்கு டாடா நானோ சான்று. 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய்க் காராக அறிமுகமாகி, 2009இல் சாலைக்கு வந்து, பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தி நின்றுபோன 624 சிசி வண்டி அது. மிகவும் மலிவான கார் என்று அதை முன்வைத்ததே பிழையாகிவிட்டது என்னும் பொருளில் ரத்தன் டாடாவே பின்னாளில் பேசியிருக்கிறார். பழைய வண்டிக்கு இந்தச் சங்கடம் இல்லை. நானோ புதிதாக இருந்தபோதே ஏழையின் வண்டி என்று பெயர் வாங்கிவிட்டது. பத்து வயதான ஸ்விஃப்டோ ஐ10 வண்டியோ விலை குறைந்து கைக்கு வந்தாலும், பிறந்தபோது நடுத்தர வர்க்கத்தின் கௌரவத்தோடு பிறந்தது. வாங்கிய விலையை வாங்கியவர் சொன்னாலொழிய ஊர் அறியாது.

இதே மாவட்டம் கார் உற்பத்திக்கும் பெயர்பெற்றது என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் சாண்ட்ரோ வெளிவந்தது; ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை தொடங்கியது. அந்த ஆலைகளுக்கு உத்திரமேரூர்ப் பக்கத்து இளைஞர்கள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறார்கள். ஆலையை விட்டு வெளியேறும் வண்டியோ முதலில் சென்னையிலோ பெங்களூரிலோ மாதச் சம்பளக்காரர் ஒருவரிடம் சேர்ந்து, தன் மதிப்பின் முற்பாதியை அவர் கணக்கில் இழந்து, ஆயுள் வரியையும் அவர் கையாலேயே கட்டவைத்து, பிறகுதான் புரோக்கர் வழியாகக் கிராமத்துக்கு வருகிறது. நகரத்தின் அவசரம் கிராமத்துக்கு அளிக்கும் மறைமுக மானியம் என்று இதைச் சொல்லலாம். அரசு அறிவிக்காமலே நடக்கும் மானியங்களில் இது உருப்படியான ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 சிசிக்கு மேற்படாத எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியதும் பழைய வண்டி வாங்குவோருக்கே சாதகம்; புதியதன் விலை இறங்கும்போது பழையதற்கு முன்போல விலை கேட்க முடியாது. பழைய கார்களை வாங்கி விற்கும் பதிவுபெற்ற வணிகர் தம் இலாபத்தொகை மீது 18 சதவீத வரி கட்ட வேண்டும், தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் அவ்வரி இல்லை என்பதால், கிராமப்புறத்தில் கடையைவிடக் கைமாற்று வியாபாரமே ஓங்கி நிற்கிறது.

கைமாற்றில்தான் ஆபத்தும் இருக்கிறது. வண்டியின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். இந்த அறிவு வேறுபாடு சந்தையையே கெடுத்துவிடக் கூடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்ச் சந்தை. நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர் இரண்டுக்கும் சராசரியான ஒரு விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டியின் சொந்தக்காரர் விற்க மனம் ஒப்பாமல் ஒதுங்கிக்கொள்ள, சந்தையில் கெட்ட வண்டிகளின் பங்கு கூடும். அதை உணர்ந்து வாங்குபவர் விலையை மேலும் குறைக்க, ஓரளவு நல்ல வண்டிகளும் ஒதுங்கும். இந்த ஆய்வுவழிக்காக 2001இல் அவருக்கு வேறு இருவரோடு சேர்த்து நோபல் நினைவுப் பரிசு வழங்கப்பட்டது. உத்திரமேரூரில் இதைப் படிக்கும்போது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் ஏற்பாடு நினைவுக்கு வராமற்போகாது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 வாக்கில், வைகுந்தப் பெருமாள் கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அவ்வூர்ச் சபையின் வாரியங்களுள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு பொன் வாரியம் என்று ஒன்றும் இருந்ததை அந்த அளவுக்குக் கவனிப்பதில்லை. பொன்னின் மாற்று, அதாவது தூய்மையின் அளவு, விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இருவரையும் சாராமல் ஊரே அமர்த்திய ஆள் உரைத்துப் பார்த்துச் சொல்லும்போது அந்த வேறுபாடு மறைகிறது. அக்கர்லாஃப் விவரித்த நோய்க்கு மருந்து அதுதான்.

பழைய கார்ச் சந்தைக்கு அப்படியொரு வாரியம் இல்லை. அந்த இடத்தில் மெக்கானிக் இருக்கிறார். வாங்குபவர் தமக்குப் பழக்கமான மெக்கானிக்கை அழைத்துப்போய் வண்டியைக் காட்டுவதே வழக்கம். அவருக்குத் தனியாகக் கூலி பேசுவதில்லை, டீயும் சாப்பாடும் வாங்கித் தருவதோடு சரி. அவருடைய உண்மையான வருமானம், வியாபாரம் படிந்தால் புரோக்கரிடமிருந்து வரும் கமிஷனில் ஒரு பங்கு. வண்டி வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்குக் காசு இல்லை, வாங்கலாம் என்று சொல்பவருக்கு உண்டு என்னும் இந்த ஏற்பாட்டில் அவருடைய நேர்மையைச் சோதிப்பது வாங்குபவரின் கருமித்தனம்தான்; லட்சக்கணக்கில் விலை பேசும் இடத்தில் இரண்டாயிரம் ரூபாயைப் பார்வைக் கூலியாக, வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தருவதாக முன்கூட்டியே பேசிவிட்டால் நிலைமை மாறிவிடும்.

நல்ல மெக்கானிக் பார்ப்பது பெயிண்டின் பளபளப்பை அன்று. பானட்டைத் தூக்கியதும் அதன் கீல்களில் உள்ள போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார். உடைந்திருந்தால் பானட் ஒருமுறையாவது கழற்றப்பட்டிருக்கிறது, கழற்றப்பட்டதற்குப் பெரும்பாலும் முன்பக்க மோதலே காரணம். எஞ்சின் ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து அதன் அடிப்பக்கத்தை விரலால் வழிப்பார். பால் கலந்த காப்பியின் நிறத்தில் பிசுக்கு ஒட்டினால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறதோ என்ற சந்தேகம் எழும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் நான்கு இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் காட்டும் வண்டியில் நான்கு டயரும் மாற்றப்பட்டிருந்தால் மீட்டர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. சென்னைக்கு அருகில் இருப்பதால் இப்பகுதிக்கென்றே உரிய ஒரு சோதனையும் உண்டு. 2015 டிசம்பர் பெருவெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் நீரில் மூழ்கிய கார்களில் ஒரு பகுதி, காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பு என்று கழித்துவிட்ட பின் ஏலத்தில் போய், கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சாலைக்கு வந்தது. சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துக் கடைசி ஒரு முழத்தை முகர்ந்தால், எவ்வளவு வாசனைத் தெளிப்பான் அடித்திருந்தாலும், சேற்று வாடை அங்கே தங்கியிருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தின் அடியில் துருவும் வண்டல் மண்ணும் தெரியும். மைய அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைத் தட்டினால் எத்தனையாவது ஓனர், பைனான்ஸ் பாக்கி உண்டா, காப்பீடு எந்நாள் வரை என்பன தெரிகின்றன. வெள்ளமும் விபத்தும் அதில் தெரிவதில்லை.

வயது பற்றியும் ஒரு சொல். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியை மோட்டார் வாகன அலுவலகத்தில் காட்டி, ஊரார் எஃப்சி என்று சொல்லும் தகுதிச் சான்று பெற்று, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரி தனி. டீசல் வண்டி பத்தாண்டுக்கு மேல் ஓடக் கூடாது என்று கிராமங்களில் உலவும் பேச்சு தில்லித் தலைநகர்ப் பகுதிக்கு உரியது. தமிழ்நாட்டுக்கு அந்த விதி இல்லை. எரிபொருளிலும் மாற்றம் வந்துவிட்டது. 2025இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது நடைமுறையாகிவிட்டது; லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதற்கென வடிவமைக்கப்படாத பழைய நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே கணித்திருந்தது. லிட்டருக்கு 18 என்று புரோக்கர் சொன்னால் 17 என்று எழுதிக்கொள்வது நல்லது. பெட்ரோல் குழாயின் ரப்பர் உறைகளையும் அவ்வப்போது பார்க்க வேண்டிவரும்.

இவை பணத்தோடு முடியும் செலவுகள். பாதுகாப்பு அப்படியன்று. சக்கரம் இறுகிச் சறுக்காமல் பிரேக் பிடிக்க உதவும் ஏபிஎஸ் ஏற்பாடு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை அவ்வாண்டு ஜூலை முதலும்தான் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முன் விற்ற சின்ன கார்களின் மலிவான வகைகளில் இவ்விரண்டும் இல்லாதவை ஏராளம். ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் இரவும் பகலும் ஓடும் சாலையில், இரண்டு டன்னை நெருங்கும் வண்டியிலிருந்து எழுநூறு கிலோ வண்டிக்கு இறங்குபவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை அறிந்தே இறங்க வேண்டும். ஐம்பதாயிரம், எழுபதாயிரம் கூடினாலும் 2019க்குப் பிந்தைய வண்டியைத் தேடுவதில்தான் சிக்கனம் இருக்கிறது. இந்த ஓரிடத்தில் மட்டும் விலை குறைந்ததை வாங்குவது சிக்கனமாகாது. ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடுபவர், ஆறேழு பேர் உள்ள குடும்பத்தோடு அடிக்கடி பயணம் செய்பவர், மல்லாட்டை மூட்டையையும் பால் கேனையும் வண்டியிலேயே ஏற்றுபவர் ஆகியோருக்கு மேற்சொன்ன கணக்கே பொருந்தாது.

விற்ற பெரிய வண்டியின் பிற்கால வாழ்வு கடைசியாகக் கவனிக்க வேண்டியது. உரிமை மாற்றத்தை விற்பவர் 14 நாளுக்குள் படிவம் 29 வழியாகவும், வாங்குபவர் 30 நாளுக்குள் படிவம் 30 வழியாகவும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. நடப்பதோ வேறு: படிவங்களில் தேதி போடாமல் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் புரோக்கர் வண்டியை அடுத்தடுத்த கைகளுக்கு மாற்றிக்கொண்டே போக, ஆர்சி புக்கில் பழைய பெயரே நிற்கும். ஏழு இருக்கை வண்டிகள் பலவும் இப்படி வந்து சேருமிடம் முகூர்த்தக் காலத்து ‘ஓன் போர்டு’ வாடகை. அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை எண்பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது. அந்த ஓட்டத்தில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்க இடம் உண்டாகும். பல கை மாறிய பிறகும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், பைபாசில் யாரோ ஓட்டிய வண்டிக்காக உத்திரமேரூரில் உள்ள முன்னாள் உரிமையாளருக்குச் சம்மன் வரலாம். சாவியைக் கொடுக்கும்போதே நாளும் நேரமும் குறித்த ஒப்படைப்புச் சீட்டில் வாங்குபவரின் கையெழுத்தைப் பெற்று, தேதியிட்ட படிவம் 29இன் நகலை வைத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழப்பீடு கோராமல் இருந்ததற்காகச் சேர்ந்த போனஸ் சலுகையைப் புதிதாக வாங்கிய சின்ன வண்டிக்கு மாற்றிக்கொள்ள அவர்களிடமே கடிதமும் பெற வேண்டும். அச்சலுகை வண்டியைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது, சொந்தச் சேதக் காப்பீட்டில் 50 சதவீதம் வரை குறைக்கக் கூடியது. பிறகு ஒரு மாதம் கழித்து எம்பரிவாகனில் பழைய எண்ணைத் தட்டி, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மாறாதவரை, வாசலில் நிற்பது சின்ன வண்டியே ஆனாலும், பெரிய வண்டியின் செலவு அந்த வீட்டை விட்டுப் போய்விட்டதாகச் சொல்ல முடியாது.